வெள்ளிக்கிழமைப் பிரசாதம்

எங்கள் குடும்பத்தில் 1984-ஐப் பற்றி ஒரு கதை புழக்கத்தில் இருக்கிறது. கல்யாண வீட்டில் பந்தி முடிந்து, வெற்றிலைத் தட்டைச் சுற்றி உட்காரும் நேரத்துக்குத் தோதான கதை. தில்லிக் கலவரத்தில் சர்தார் குடும்பத்தை வீட்டில் வைத்திருந்ததும், அவர்கள் சுட்ட அமெரிக்கப் பலகாரத்தை முருகன் பிரசாதம் என்று சொல்லி எதிர்வீட்டுக்காரியின் தலையில் கட்டியதும்தான் விஷயம். சித்தப்பா சொன்னால் எதிர்வீட்டுக்காரி கன்னத்தில் போட்டுக்கொள்வாள். அத்தை சொன்னால் செய்முறை கேட்டு நோட்டுப் புத்தகமே எடுத்து வந்துவிடுவாள். அந்த வாரம் இவர்கள் இரண்டு பேருமே தில்லியில் இல்லை. கதை முடிகிற இடத்தில் எல்லாரும் சிரிப்பார்கள், நானும் சிரித்திருக்கிறேன்.

கதையில் பொய் அதிகமில்லை. விட்டுப்போனதுதான் அதிகம். அம்மா உயிரோடு இருந்தவரை அவள்தான் சொல்ல வேண்டியவள் என்று இருந்தேன். அவள் சொல்லாமலே போய்விட்டாள். அந்த வாரம் எனக்குப் பதின்மூன்று வயது. லோதி எஸ்டேட் தமிழ்ப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தேன். நினைவு நன்றாகவே இருக்கிறது.

நாங்கள் குடியிருந்தது லாஜ்பத் நகரில். பிரிவினையில் மேற்குப் பஞ்சாபிலிருந்து ஓடிவந்தவர்களுக்காக எழுந்த குடியிருப்பு. ஒற்றைத் தளமாகக் கிடைத்ததன் மேல் ஒவ்வொருவரும் கையில் காசு சேரச் சேரக் கட்டி, வாடகைக்கு விட்டார்கள். கரோல் பாகில் இடம் கிடைக்காத தமிழ்க் குடும்பங்கள் இந்தப் பக்கம் ஒதுங்கும். அப்பாவுக்கு ஐ.டி.ஓ.வில் ஏ.ஜி.சி.ஆர். தணிக்கை அலுவலகம். கீழே வீட்டுக்காரர்கள், நடுவில் நாங்கள், மொட்டைமாடியில் ஒற்றை அறை. அதற்கு பர்சாத்தி என்று பெயர்.

வீட்டுக்காரம்மாவைத் தெருவே பீஜி என்றது. லயல்பூரில் பிறந்தவர். கைக்குழந்தையோடு வந்து கிங்ஸ்வே கேம்ப் கூடாரத்தில் கிடந்து, பிறகு இந்த மனையைப் பெற்றவர். கணவரைத் தார்ஜி என்போம். மகன் வீர்ஜிக்கு லாரி ஒன்று இருந்தது. இமாசலத்து ஆப்பிளை ஆசாத்பூர் மண்டிக்குக் கொண்டு வந்து இறக்கும் லாரி. வேலை இல்லாத நாளில் போகலில் மற்ற லாரிகளோடு வரிசையில் நிற்கும். வீர்ஜியின் மனைவியை நாங்களும் பர்ஜாயி என்றே கூப்பிட்டோம். ஆறு வயதில் ஒரு பையன்.

அறுபதுகளின் நடுவில் பர்சாத்தியில் ஓர் அமெரிக்கத் தம்பதி குடியிருந்தார்கள். பீஸ் கோர் வேலையாக வந்தவர்கள். நாட்டில் மழை பொய்த்து, பி.எல்.480 திட்டத்தில் அமெரிக்கக் கோதுமை கப்பல் கப்பலாக வந்துகொண்டிருந்த காலம். ரேஷனில் கிடைத்த அந்தக் கோதுமையைப் பீஜி கடைசிவரை மன்னிக்கவில்லை. ரொட்டி ஆறினால் தோலாகிவிடும் என்பார். ஆனால் அந்த அமெரிக்கப் பெண்ணிடம் அவருக்குத் தனிப் பிரியம். அவள்தான் ஊர் திரும்பும்போது வட்ட அலுமினிய ‘அவன்’ அடுப்பையும், காப்ளர் என்ற அமெரிக்கப் பலகாரத்தின் பக்குவத்தையும் பீஜியிடம் விட்டுப் போனாள்.

அந்த அவனை இப்போதைய பிள்ளைகளுக்கு விளக்குவது கடினம். குண்டான் மாதிரி உருண்டையாக இருக்கும். மூடியிலும் அடியிலும் கம்பிச்சுருள், மூடியில் ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிய கண்ணாடி. சூட்டைக் கூட்டவும் குறைக்கவும் எந்தத் திருகும் கிடையாது. பிளக்கைச் செருகினால் சூடு, பிடுங்கினால் இல்லை. மரப்பலகை மேல் நிற்காமல் தொட்டால் ஷாக் அடிக்கும். உள்ளே ஒரு சிட்டிகை மைதாவைத் தூவி, அது எத்தனை நேரத்தில் சிவக்கிறது என்று பார்த்துத்தான் பீஜி பதம் சொல்லுவார். ஆட்டா பிஸ்கட் மட்டும் அதில் சுடமாட்டார். மாவு, நெய், சர்க்கரை மூன்றையும் தூக்குவாளிகளில் எடுத்துக்கொண்டு மார்க்கெட் பேக்கரிக்குப் போவார். தில்லியில் அப்போது எல்லாரும் அப்படித்தான். நம் சரக்கை நம் கண் முன்னால் பிசைந்து, அடுப்பில் விட்டு, தகர டப்பாவில் அடுக்கித் தருவார்கள். பேக்கரிக்காரன் நெய்யில் கை வைத்துவிடுவான் என்று பீஜி ஸ்டூல் போட்டு உட்கார்ந்து காவல் இருப்பார்.

காப்ளருக்கு முட்டை வேண்டாம். எங்கள் வீட்டில் அது தெரியவந்தது பிற்பாடுதான். பழத்தைத் துண்டு போட்டு, சர்க்கரையும் எலுமிச்சைச் சாறும் விட்டுப் பிசிறி, ஒரு கரண்டி மைதா தூவித் தட்டில் பரப்ப வேண்டும். மேலே போடும் மாவுக்கு மைதா, பேக்கிங் பவுடர், உப்பு. உறைந்த நெய்யை விரல் நுனியால் மட்டும் தேய்த்து, ரவை மாதிரி உதிர்ந்ததும் புளித்த தயிர் விட்டு அரைகுறையாகக் கலக்க வேண்டும். பிசைந்தால் கெட்டது. கரண்டி கரண்டியாக எடுத்துப் பழத்தின் மேல் அங்கங்கே போட்டு, நடுவில் இடைவெளி விட வேண்டும். பழச்சாறு அந்தச் சந்துகளில் கொதித்து மேலே வரும். மாவின் அடிப்பாகம் சாற்றில் வெந்து இட்லி போல இருக்கும், மேல்பாகம் மொறுமொறுவென்று நிற்கும். அமெரிக்காவில் மேற்கு நோக்கி வண்டி கட்டிப் போன குடியேறிகள், ஒழுங்கான அடுப்பு இல்லாமல் இரும்புச் சட்டியில் நெருப்பின் மேல் வைத்துச் செய்தது என்று எங்கோ படித்தேன். பீஜிக்கு அது எளிதில் கைவந்ததில் ஆச்சரியமில்லை. கூடாரத்தில் சமைத்தவர்.

ஜூனில் பீச், ஜூலையில் ஆலுபுகாரா, குளிர் தொடங்கினால் ஆப்பிள். ஆப்பிளுக்கு மட்டும் பட்டையும் இரண்டு கிராம்பும் பொடித்துப் போடுவார். எங்களுக்கும் ஒரு கிண்ணம் மேலே வரும். நானும் அம்மாவும் நின்றபடியே தின்றுவிட்டுக் கிண்ணத்தைத் தனியாகக் கழுவி வைப்போம். ஆச்சி தொடமாட்டாள்.

ஆச்சி என்றால் அப்பாவின் அம்மா. திருநெல்வேலிச் சைவம். முட்டை என்ற சொல்லைக்கூட அடுக்களையில் சொல்லக் கூடாது. குளிக்காமல் உள்ளே வரக் கூடாது, ஊறுகாய்ப் பரணியைத் தொடக் கூடாது. இந்தி ஒரு சொல் தெரியாது. தெரிந்துகொள்ள ஆசையும் கிடையாது. பீஜியும் அவளும் பல வருஷம் ஒரே படிக்கட்டில் தலையாட்டிக்கொண்டார்கள், அவ்வளவுதான். அந்தத் தீபாவளிக்கு நான்கட்டாய் சுட அம்மா அவனை இரவல் வாங்கி வந்தபோது, “முட்டை வெந்த ஏனம்லா அது” என்று ஆச்சி ரெண்டு நாள் முனகினாள். புளியும் சாம்பலும் போட்டு அம்மா அதைத் தேய்த்த தேய்ப்பில் அலுமினியம் வெள்ளி மாதிரி ஆயிற்று. தீபாவளி முடிந்தும் திருப்பிக் கொடுக்கவில்லை. அதனால்தான் அது அந்த வாரம் எங்கள் அடுக்களையில் இருந்தது.

அக்டோபர் 31, புதன்கிழமை. காலை ஒன்பதரைக்குக் கொஞ்சம் முன்னால் சஃப்தர்ஜங் ரோடு வீட்டில் இந்திரா காந்தியை அவருடைய சீக்கியக் காவலர்களே சுட்டார்கள். பள்ளியில் எங்களைச் சீக்கிரமே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஆகாசவாணி மாலை ஆறு மணிக்குத்தான் மரணத்தைச் சொன்னது, பி.பி.சி. கேட்டவர்களுக்கு அதற்கு வெகு முன்பே தெரியும். அப்பா, இந்திராவைக் கொண்டுபோயிருந்த எய்ம்ஸ் ஆஸ்பத்திரிப் பக்கம் போகும் பஸ்ஸில் ஏறாமல் சுற்றிக்கொண்டு நடந்தே வந்தார். எய்ம்ஸ் வாசலில் ஜனாதிபதி ஜெயில் சிங்கின் கார் மீதே கல் விழுந்தது என்றும், பஸ்ஸிலிருந்து சர்தார்களை இறக்கி அடிக்கிறார்கள் என்றும் சொன்னார். ஆச்சி கேட்டது ஒன்றுதான்: “கீழ இருக்கவிய என்ன செய்வாவ?”

ராத்திரி அப்பா கீழே போய்ப் பேசினார். தார்ஜி சிரித்தாராம். நாற்பத்தேழைப் பார்த்தவனுக்கு இது என்ன என்றாராம். பீஜி சிரிக்கவில்லை. அவரும் நாற்பத்தேழைப் பார்த்தவர்தான். நகைப் பெட்டி, குட்கா எனும் பிரார்த்தனைப் புத்தகம், பையனின் கம்பளி, அன்று காலைதான் லாரி டிரைவர் கொண்டுவந்து போட்ட ஓர் ஆப்பிள் பெட்டி எல்லாவற்றையும் மேலே ஏற்றிவிட்டார். பெட்டி எதற்கு என்று வீர்ஜி கேட்டதற்கு, பிள்ளைக்குப் பசிக்கும் என்றார். விடியும் முன் ஐந்து பேரும் மேலே வந்துவிட்டார்கள். அப்பா ஸ்குரு டிரைவரால் வாசல் கேட்டில் இருந்த ‘சிங்’ பெயர்ப்பலகையைக் கழற்றிவிட்டு, கீழ்க் கதவை வெளிப்பக்கம் பூட்டினார்.

எங்கள் தளத்தில் தெருவைப் பாராத ஒரே அறை அடுக்களை. பின்சந்துப் பக்கம் சின்னக் கம்பிவலை ஜன்னல் மட்டும். ஐந்து பேருக்கும் இடம் அங்கேதான். ஆச்சியிடம் யார் சொல்வது என்று அம்மாவும் அப்பாவும் கூடத்தில் நின்று குசுகுசுத்துக்கொண்டிருந்தபோது, ஆச்சி பெரிய ஜமுக்காளத்தை எடுத்துப்போய் அடுக்களையில் விரித்துக்கொண்டிருந்தாள். ஆட்டுரலைச் சுவரோரம் தள்ளச் சொன்னாள். யாரும் குளித்திருக்கவில்லை. ஆச்சியுமே குளித்திருக்கவில்லை. ஊறுகாய்ப் பரணியின் பக்கத்தில் தலைப்பாகையோடு தார்ஜி உட்கார்ந்தார். “வந்தவியளுக்கு ஒரு வாய் காப்பி போடு பிள்ளே” என்றாள் ஆச்சி.

வியாழக்கிழமை மதியத்துக்கு மேல் கூட்டம் எங்கள் சந்துக்கு வந்தது. இரும்புக் கம்பி, மண்ணெண்ணெய் டின். ஒருவன் கையில் தாள் இருந்தது. சர்தார் வீடு இதுதானே என்று கேட்டார்கள். அவர்கள் நேற்றே ஊருக்குப் போய்விட்டார்கள், நான் வாடகைக்காரன், மதராஸி என்று அப்பா சொன்னார். தன் அலுவலக அடையாள அட்டையைக் காட்டினார். பூட்டை உடைத்துக் கீழ்வீட்டில் புகுந்து டி.வி.யைத் தூக்கினார்கள், அந்த டி.வி.யில்தான் நாங்கள் எல்லாரும் சேர்ந்து ‘ஹம் லோக்’ பார்ப்போம். வீர்ஜியின் ஸ்கூட்டரை முற்றத்துக்கு இழுத்துக் கொளுத்தினார்கள். வீட்டைக் கொளுத்தாமல் போனதற்கு அப்பாவின் சாமர்த்தியம் காரணம் என்று கதையில் வரும். தெருக்கோடியில் இருந்த இரண்டு பஞ்சாபி இந்துப் பெரியவர்கள், மாடியில் மதராஸி குடும்பம் இருக்கிறது, தீ வைத்தால் வரிசை வீடுகள் எல்லாம் போகும் என்று குறுக்கே நின்று கத்தினார்கள். எனக்குக் கேட்டது அவர்கள் குரல்தான்.

ஸ்கூட்டர் புகை அடுக்களைக்குள் வந்தது. பர்ஜாயி பையனின் வாயைத் துப்பட்டாவால் பொத்தியிருந்தார். மொட்டைமாடியில் ஏறிப் பார்த்த அப்பா, போகல் பக்கம் கறுப்பாகக் கிளம்புகிறது என்று மட்டும் சொன்னார். அங்கே வரிசையாக நின்ற சீக்கியர்களின் லாரிகள் எரிந்துகொண்டிருந்தன. வீர்ஜியின் முகத்தைப் பார்த்து யாரும் அதை விரித்துச் சொல்லவில்லை.

அன்று ராத்திரி குடிநீரில் விஷம் கலந்துவிட்டார்கள் என்று வதந்தி. சில இடங்களில் போலீஸ் வண்டியே ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டு போனதாக, பி.யு.டி.ஆர்., பி.யு.சி.எல். என்ற குடிமை உரிமை அமைப்புகள் அந்த நவம்பரிலேயே வெளியிட்ட அறிக்கையில் பிறகு படித்தேன். எதிர்வீட்டு டி.வி. சந்து முழுக்கக் கேட்கும். தீன்மூர்த்தி பவனில் கிடத்தியிருந்த உடல், வரிசையாகப் போகும் ஜனம், பின்னணியில் ரத்தத்துக்கு ரத்தம் என்ற கோஷம். அரசுத் தொலைக்காட்சி அதை அப்படியே ஒலிபரப்பிக்கொண்டிருந்தது. பையன் அந்தக் கோஷத்தின் தாளத்துக்குத் தலையாட்டினான். பீஜி அவன் தலையைப் பிடித்து நிறுத்தினார்.

வெள்ளிக்கிழமை காலை கேஸ் தீரும் தறுவாய்க்கு வந்துவிட்டது. புது சிலிண்டர் பதிந்து வாரக்கணக்காகியிருந்தது. கடை இல்லை, காய் இல்லை, பால் பூத் திறக்கவில்லை. அரிசியும் பருப்பும் இருந்தன. கேஸ் அதற்கு வேண்டும். மின்சாரம் மட்டும் போகவில்லை. மிச்சம் இருப்பது ஆப்பிள் பெட்டியும் அவனும்தான் என்று அம்மா கணக்குப் போட்டாள். பலகாரம் சுடும் எண்ணம் யாருக்கும் இல்லை. வயிறுகளுக்கு ஏதாவது வேண்டும், கேஸ் செலவாகாமல் வேண்டும். அவ்வளவுதான்.

பீஜி தரையில் உட்கார்ந்து ஆப்பிள் நறுக்கினார். முட்டை போடுவாரோ என்று ஆச்சி பக்கத்திலேயே முக்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். மாவில் தயிர் விழுந்ததும் நிமிர்ந்தாள். “தயிரா போடுதா? இத முன்னமே சொல்லக் கூடாதா” என்று என்னைக் கோபித்துக்கொண்டாள். பீஜி விரல் நுனியால் நெய்யைத் தேய்ப்பதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, கையைக் கழுவி, தானும் பாத்திரத்தில் கை விட்டாள். இரண்டு கிழவிகளும் ஒரு சொல் பேசாமல் ஒரே மாவை உதிர்த்துக்கொண்டிருந்தார்கள்.

எல்லாம் சரியாகத்தான் நடந்தது, வாசனையைத் தவிர. பட்டையும் கிராம்பும் நெய்யும் ஆப்பிளும் சேர்ந்து சூடேறினால் அந்தச் சந்து முழுக்கத் தெரியும். பீஜி வீட்டு வாசனை அது, தெருவே அறியும். கண்ணாடியில் மாவு சிவக்க ஆரம்பித்த நேரம், கதவு தட்டப்பட்டது.

எதிர்வீட்டு ஆன்ட்டி. அவருடைய மகன் முந்தின நாள் மார்க்கெட்டிலிருந்து பெட்டி பெட்டியாக எதையோ தூக்கி வந்ததை நான் ஜன்னல் இடுக்கில் பார்த்திருந்தேன். நாடே துக்கத்தில் இருக்கும்போது என்ன சமையல் என்று கேட்டார். அம்மா எங்கிருந்து எடுத்தாளோ, இன்றைக்கு வெள்ளிக்கிழமை, மாமியாருக்கு விரதம், முருகனுக்குப் பிரசாதம் செய்கிறோம் என்றாள். ஆர்.கே.புரம் மலை மந்திர் சுவாமியா என்று ஆன்ட்டி கேட்டார். அவரேதான், பழம் போட்டுச் செய்வது எங்கள் ஊர் வழக்கம் என்றாள் அம்மா. பழனி பஞ்சாமிர்தம் அவள் மனசில் ஓடியிருக்க வேண்டும். ஒரு கிண்ணத்தில் சுடச்சுடப் போட்டு, மேலே திருநீறு மடித்த காகிதம் ஒன்றை வைத்துக் கொடுத்தாள். ஆன்ட்டி இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனார்.

கல்யாண வீட்டுக் கதை இங்கே முடிந்துவிடும்.

சாயங்காலம் கிண்ணம் திரும்பி வந்தது. ஆன்ட்டியே கொண்டுவந்தார், உள்ளே எட்டிப் பார்க்கவில்லை. கிண்ணத்தில் பாதி டப்பா அளவுக்கு அமுல் பால் பவுடர் இருந்தது. குழந்தைக்கு என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார். எங்கள் வீட்டில் கடைக்குட்டி நான்தான். பால் பவுடர் கரைத்துக் கொடுக்கிற குழந்தை எங்கள் வீட்டில் ஏது? கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு அம்மா கதவருகிலேயே நின்றாள். காலையிலேயே தெரிந்துதான் வந்தாரா, வாசனை மற்றவர்களுக்கும் தெரியும் என்று எச்சரிக்க வந்தாரா, தின்ற பிறகு தெரிந்துகொண்டாரா, எதையும் நாங்கள் கேட்கவில்லை. அவர் பிறகும் அதைப் பற்றிப் பேசவில்லை. அவர் மகன் கொண்டுவந்த பெட்டிகளையும் யாரும் கேட்கவில்லை. காட்டிக்கொடுக்கத் தெரிந்த நாக்கு, அந்த வாரம் சும்மா இருந்தது. அவரை ஏமாளியாக்கித்தான் எங்கள் கதை சிரிப்பு மூட்டுகிறது.

அந்த வெள்ளிக்கிழமை ராத்திரியைக் கதை தொடுவதே இல்லை.

லாரி டிரைவர் ராத்திரியில் லாரியிலேயே படுத்துக்கொள்பவர். அவரும் சீக்கியர். வீர்ஜிக்கு லாரியைவிட அந்தக் கவலைதான் அரித்துக்கொண்டிருந்தது. போய்ப் பார்க்க வேண்டும் என்றார். தலைப்பாகையும் தாடியுமாகச் சந்து முனையைத் தாண்ட முடியாது. சாப்பாடு முடிந்ததும் அம்மாவின் தையல் கத்தரியைக் கேட்டார். அம்மா என்னைக் கூடத்துக்குப் போகச் சொன்னாள். நான் நிலைப்படிவரைதான் போனேன். பழைய நியூஸ்பேப்பரை விரித்து, அதன்மேல் உட்கார்ந்து, தலைமுடியை அவிழ்த்துவிட்டார். இடுப்புவரை வந்தது. பர்ஜாயியால் முடியவில்லை, கத்தரி அம்மாவின் கைக்கு வந்தது. தார்ஜி சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்து முணுமுணுத்து ஓதிக்கொண்டிருந்தார். பையன் தூங்கிவிட்டான் என்று நினைத்தோம்.

வெட்டியதை என்ன செய்வது? குப்பையில் போட்டால் காலையில் வருகிறவன் பார்ப்பான். எரித்தால் நாற்றம் கிளம்பும். நாற்றத்துக்காக மட்டுமில்லை. கேசத்தைத் தீயில் சேர்ப்பது அவர்களிடம் உள்ள வழக்கம்தான், ஆனால் பீஜி மாட்டேன் என்றார். இந்த வாரம் தீ வேண்டாம் என்றார். ஆச்சி தன் பெட்டியிலிருந்து துவைத்த வெள்ளை மல் துணியைக் கொண்டுவந்து கொடுத்தாள். முடியைச் சுருட்டித் துணியில் கட்டி, அவனுக்குள் வைத்து, பீஜி மூடியைப் பூட்டினார். பிளக்கில் இருந்து கம்பியைப் பிடுங்கித் தன் மடியில் செருகிக்கொண்டார். காலையில் பலகாரம் வெந்த இடம். இன்னும் லேசாகச் சூடு இருந்திருக்கும்.

அன்றிரவு அப்பா அவரை வெளியே விடவில்லை. மறுநாள் சனிக்கிழமை, ராணுவம் தெருவில் ஒழுங்காகத் தென்பட ஆரம்பித்த பிறகு இருவரும் போகலுக்கு நடந்து போனார்கள். லாரியில் இரும்புச் சட்டம்தான் மிஞ்சியிருந்தது. டிரைவரைக் காணோம். பிறகு ஒரு நிவாரண முகாமில் உயிரோடு கிடைத்தார். அவரும் முடியை வெட்டியிருந்தார்.

லாஜ்பத் பவனில் நாக்ரிக் ஏக்தா மஞ்ச் என்று தன்னார்வலர்கள் கூடி முகாம்களுக்குப் போர்வையும் பாத்திரமும் சேர்த்தார்கள். அம்மாவும் பீஜியும் அங்கே போய்த் துணி பிரித்து அடுக்கினார்கள். யமுனைக்கு அக்கரையில், திரிலோக்புரி 32-வது பிளாக்கில் நடந்த படுகொலையை அங்கேதான் கேட்டார்கள். திரிலோக்புரியிலோ சுல்தான்புரியிலோ மாடியில் வாடகைக்காரன் கிடையாது, மாடியே கிடையாது. எங்களிடம் அடையாள அட்டை இருந்தது, பின்பக்கம் ஓர் அறை இருந்தது, தெருவில் குறுக்கே நிற்கப் பெரியவர்கள் இருந்தார்கள். தைரியத்தைப் பற்றிப் பேசும்போது இந்தக் கணக்கையும் சேர்த்துப் பேச வேண்டும் என்பது என் கட்சி. தில்லியில் மட்டும் இறந்தவர்கள் 2,733 என்று அரசே 1987-ல் ஏற்றுக்கொண்டது. பெரிய மரம் விழுந்தால் பூமி அதிரத்தான் செய்யும் என்று ராஜீவ் காந்தி நவம்பர் 19 அன்று போட் கிளப் கூட்டத்தில் பேசினார். 2005-ல் மன்மோகன் சிங் மாநிலங்களவையில் மன்னிப்புக் கேட்டார். கலவர வழக்கில் காங்கிரஸ் தலைவர் சஜ்ஜன் குமாருக்குத் தில்லி உயர் நீதிமன்றம் ஆயுள் தண்டனை விதித்தபோது 2018 டிசம்பர் ஆகிவிட்டது. தார்ஜியும் பீஜியும் அதற்கு வெகு முன்பே போய்விட்டார்கள்.

தீர்ப்பு வந்த வாரம் கனடாவிலிருந்து பையன் போன் செய்தான். பையன் என்ன, நாற்பது வயதாகிவிட்டது. மகளுக்குச் செய்து கொடுக்க வேண்டும், பீஜியின் காப்ளர் எப்படி என்று கேட்டான். சொன்னேன். பழத்துக்கு எலுமிச்சை, மாவுக்குப் புளித்த தயிர், 180 டிகிரி, நாற்பது நிமிஷம், பிசையாதே. அங்கே ஃப்ரோசன் பீச் கிடைக்கிறது, அது போதுமா என்றான். தண்ணீர் விடும், மைதாவைக் கூட்டிப் போடு என்றேன். பிறகு, அன்றைக்கு நான் தூங்கவில்லை அக்கா என்றான். தெரியும் என்று சொல்லவில்லை, எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

முடி கட்டிய வெள்ளைத் துணியைப் பீஜி அந்த 1984 நவம்பர் நடுவில் மஜ்னு கா டீலா குருத்வாராவுக்கு எடுத்துப் போய் யமுனையில் விட்டார். ஆச்சியும் கூடப் போனாள். தில்லிக்கு வந்து ஆச்சி ஒரு சீக்கியக் கோயிலுக்குப் போனது அந்த ஒருமுறைதான். லங்கரில் சாப்பிட்டுவிட்டு, பருப்பில் உப்பு சரியாக இருந்தது என்று சொன்னாள். அவன் எங்கள் அடுக்களையிலேயே கிடந்தது. பீஜி திருப்பிக் கேட்கவில்லை. கொடுக்க வேண்டுமா என்று அம்மாவும் கேட்கவில்லை. அதில் பிறகு யாரும் எதுவும் சுடவில்லை.

1985-ல் கலவரத்தை விசாரிக்க மிஸ்ரா கமிஷன் அமைத்து, பாதிக்கப்பட்டவர்கள் பிரமாணப் பத்திரம் கொடுக்கலாம் என்றார்கள். தட்டச்சு அப்பாவின் வேலை. கூடத்து மேஜையில் ரெமிங்டனை வைத்து, வீர்ஜி இந்தியில் சொல்லச் சொல்ல இங்கிலீஷில் அடித்தார். லாரி ஒன்று. ஸ்கூட்டர் ஒன்று. டி.வி. ஒன்று. இரும்பு பீரோ, தையல் மெஷின், வெண்கலப் பாத்திரங்கள். அப்பா தணிக்கைக்காரர், விட்டுப்போகக் கூடாது என்று தாமாகவே ஆப்பிள் பெட்டி ஒன்று, மின்சார அவன் ஒன்று என்றும் சேர்த்துவிட்டார். படித்துக் காட்டச் சொல்லிக் கேட்ட பீஜி கையை உயர்த்தி நிறுத்தினார். ஆப்பிளை நாம்தானே தின்றோம், அதை ஏன் எழுதுகிறீர்கள் என்றார். அவன் எங்கே தொலைந்தது, உங்கள் வீட்டில்தானே இருக்கிறது, அதையும் அடியுங்கள் என்றார். வேறு ஏதாவது சேர்க்க வேண்டுமா என்று அப்பா கேட்டார். பீஜி மகனைப் பார்த்தார். வீர்ஜிக்கு முடி அதற்குள் மறுபடி கட்டும் அளவு வளர்ந்திருந்தது. ஒன்றுமில்லை என்றார். அடித்தல் திருத்தல் இருந்தால் நோட்டரி கையெழுத்துப் போடமாட்டார் என்று அப்பா அந்தப் பக்கத்தை உருவி எடுத்து, கார்பன் மாற்றி, முதல் வரியிலிருந்து திரும்ப அடித்தார்.